பள்ளிக்கோர் அகப்பக்கம்: நாமே கட்டுவதா, கட்டித்தரச் சொல்வதா?



அண்மையில் புக்கிட் செந்தோசாவில் நடைபெற்ற பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமொன்றில் ஒரு தந்தையார் எழுந்தார். "பள்ளிக்கு நல்லதோர் அகப்பக்கம் வேண்டும். வடிவமைப்பாளரிடம் பணம் கொடுத்துச் செய்துகொள்வோமா? அல்லது ஆசிரியர்களே செய்துவிட முடியுமா?" என்று கேட்டார். கூட்டம் உடனே இரண்டாகப் பிரிந்தது. ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே வேலைப்பளு அதிகம் என்றனர் சிலர். பொதுப்பணத்தை வீணாக்கலாகாது என்றனர் வேறு சிலர். நான் வாய் திறக்கவில்லை. அதற்கொரு காரணம் உண்டு, பின்னர்ச் சொல்கிறேன். இக்கேள்வி தமிழர்களுக்குப் புதியதன்று என்பதால், முதலில் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

உலகின் முதல் வலைத்தளத்தை 1990ஆம் ஆண்டு டிம் பெர்னர்ஸ்-லீ, சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வு நிலையத்தில் உருவாக்கினார். 1993 ஏப்ரல் 30ஆம் நாள் செர்ன் அத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாமென அறிவித்தது. அன்று வலைப்பக்கம் அமைப்பது தனித் தொழிலாக வளர்ந்திருக்கவில்லை. படிப்பவரே பக்கம் அமைப்பவராகவும் இருந்தார்.

தமிழுக்கோ கூடுதலான ஒரு தடை இருந்தது. ஆங்கிலப் பக்கம் அமைக்கத் தெரிந்தவர் கிடைத்தாலும், கணினித் திரையில் தமிழ் எழுத்தைத் தோன்றச் செய்ய அவருக்குத் தெரியாது. எனவே மொழிப்பற்றும் கணினி அறிவும் வாய்த்த ஆர்வலர்களே அப்பணியைத் தலைமேற்கொண்டனர். நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டிலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். பின்னாளில் வந்த முரசு அஞ்சல், நம் ஆசிரியர்கள் பலரும் முதன்முதலில் தமிழில் தட்டச்சுச் செய்யக் கற்ற கருவியாகும்.

அண்டை நாடான சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இருந்தார். அவர் எழுத்தாளர், தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர். 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்மொழிக் கவிதைத் தொகுப்பு இணையத்தில் வெளியிடப்பட்டபோது தமிழும் அதில் இடம்பெற அவரே பெருங்காரணர். ஆயினும் அவர் அதனைத் தனியொருவராகச் செய்யவில்லை. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் டின் வீ முதலிய இணைய வல்லுநர்கள் அவருடன் பணியாற்றினர். தமிழ் இன்னதென அறிந்தவர் ஆசிரியர். கணினியின் உட்பொறியை அறிந்தவர் வல்லுநர். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்ததனால்தான் தமிழ் இணையமேறிற்று. கோவிந்தசாமி 1999இல் மறைந்தார்; அவர் இட்ட அடித்தளம் நிலைத்தது.

1998ஆம் ஆண்டு பொங்கலையொட்டி மதுரைத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதனை முன்னின்று நடத்தியவர் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து இலவசமாக வழங்கினர். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்கத்தில் கட்டியெழுப்பிய மயூரநாதன், தொழிலால் கட்டடக்கலைஞர்.

இவற்றைக் கேட்டவுடன், "அப்படியானால் நாமே கட்டுவதுதான் சிறப்பு" என்று முடிவுகட்டிவிட வேண்டா. அக்காலத்தில் ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அதனைத் தரவிறக்கம் செய்யாவிட்டால் திரையில் பொருளற்ற குறிகளே தெரியும். இக்குழப்பத்தைக் குறைக்க 1999இல் சென்னையில் நடைபெற்ற மாநாடு பொது விசைப்பலகையையும் குறியீடுகளையும் வகுத்தது. 2000இல் உத்தமம் அமைப்புத் தோன்றியது. 2001இல் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. படிப்படியாக யூனிகோடு எனும் ஒருங்குறி நிலைபெற்றது. மதுரைத் திட்டத்தார் தம் நூல்களை ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டதால் அவை இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. மாற்றாதோர் பலரின் உழைப்பு மறைந்தொழிந்தது.

இலவச இடத்தை நம்பியவர்களுக்கும் ஒரு பாடமுண்டு. 1994இல் தோன்றிய ஜியோசிட்டீஸ் தளத்தில் உலகெங்குமுள்ள சாதாரண மக்கள் தம் கையாலேயே பக்கங்களை அமைத்தனர். 1999இல் யாகூ அதனை விலைக்கு வாங்கிற்று. 2009 அக்டோபரில் மூடிவிட்டது. ஆர்வலர் சிலர் விரைந்து படியெடுத்ததனால் மட்டுமே ஒரு பகுதி தப்பிப் பிழைத்தது.

இனி, நான் கூட்டத்தில் பேசாதிருந்த காரணத்திற்கு வருகிறேன்.

2004ஆம் ஆண்டு, நான் அப்போது பணியாற்றிய பள்ளிக்கு ஒரு வடிவமைப்பாளரை அமர்த்தினோம். அவரைப் பரிந்துரைத்தவன் நான்தான். பக்கம் கண்ணைக் கவர்ந்தது. மூடப்பட்ட ஒரு தோட்டப்பள்ளியின் வரலாற்றையும் அதிலே சேர்த்தோம். பால்மரம் வெட்டிய முதியவர் ஒருவர், தம் பெட்டியின் அடியில் காத்து வைத்திருந்த வகுப்புப் படங்களை என்னிடம் கொடுத்தார். வடிவமைப்பாளர் அவற்றைப் படியெடுத்துக்கொண்டு மூலப்படங்களைத் திருப்பித் தந்தார். நானும் முதியவரிடமே சேர்ப்பித்தேன்.

ஈராண்டு கழிந்தது. டொமைன் எனப்படும் தளப்பெயர் வடிவமைப்பாளரின் பெயரில் பதிவாகியிருந்தது. அவர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். புதுப்பிக்கும்படி வந்த அறிவிப்பு எங்களுக்கு எட்டவே இல்லை. ஒருநாள் காலையில் பக்கம் இல்லை. முதியவரின் வீட்டுக்கு ஓடினேன். அவர் காலமாகியிருந்தார், வீடு மாறியபோது பெட்டி எங்கோ போயிற்று என்றார் அவர் மகள். என் கையில் எஞ்சியது கட்டுரையின் பழைய எழுத்துருக் கோப்பு மட்டுமே. திறந்தால் வெறுங்குறிகள். உருமாற்றிக் கருவி கொண்டு அதனை ஒருங்குறியாக்கி மீட்டேன். சொற்கள் திரும்பின, முகங்கள் திரும்பவில்லை.

அந்த வடிவமைப்பாளரை நான் குறைகூற மாட்டேன். கேட்டதை அவர் செம்மையாகவே செய்து கொடுத்தார். கேட்க வேண்டியவற்றைக் கேளாதவன் நான்.

ஆகவே, என் கருத்து இது. நாட்காட்டி, அறிவிப்பு, மாணவர் படைப்பு போன்றவற்றை நாமே செய்யலாம். இன்றைய கருவிகள் அதற்குப் போதும். பாதுகாப்பு, கைப்பேசிக்கேற்ற அமைப்பு முதலியவற்றிற்கு வல்லுநரை அமர்த்துவதில் தவறில்லை. அவருக்குரிய ஊதியத்தையும் தயங்காது கொடுப்போம். ஆனால் யார் கட்டினாலும் மூன்றை விட்டுக்கொடுக்கலாகாது. தளப்பெயர் பள்ளியின் பெயரில் இருத்தல் வேண்டும். அதன் கடவுச்சொல் ஓர் ஆசிரியரோடு மாற்றலாகிப் போய்விடக் கூடாது. தமிழ் எழுத்து படமாக அன்றி ஒருங்குறியாக இருத்தல் வேண்டும். எல்லாவற்றின் படியும் ஆண்டுக்கொருமுறை பள்ளி அலுவலகத்திலும் சங்கத்திடமும் சேர்தல் வேண்டும்.

தோட்டங்களை விட்டு நம் மக்கள் புக்கிட் செந்தோசா போன்ற வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்துவிட்டனர். லயங்கள் இடிக்கப்பட்டன, பள்ளிகள் சில இடம்பெயர்ந்தன, சில மறைந்தன. அவ்வாழ்வின் சான்றுகள் இன்னும் சில வீட்டுப் பெட்டிகளில் உள்ளன. பெற்றோர்களே, அகப்பக்கம் அமையும்வரை காத்திராது, இவ்விடுமுறையிலேயே உங்கள் தாத்தா பாட்டியரின் பெட்டியைத் திறந்து பாருங்கள். கிடைக்கும் படங்களை இரண்டு படிகள் எடுத்துவையுங்கள். யார் கட்டுவது என்பதை அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம். அப்போது நானும் பேசுவேன்.