கூலி உயர்வு கேட்டால் குற்றமா? - பெரம்பூர் மில் வரலாறு

திருத்தணியில் ரயில் ஏறி சென்னை சென்ட்ரல் போகிறவர்கள், இறங்குவதற்குச் சற்று முன்பு பெரம்பூரைக் கடப்பார்கள். அந்தப் பகுதியில்தான் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள் இருந்தன. 1996-இல் மூடப்பட்ட இந்த மில்களுக்கு இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் தனி இடம் உண்டு.

முதல் உலகப் போர் காலத்தில் அரிசி விலையும் துணி விலையும் ஏறின. கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. 1911-ஆம் ஆண்டுச் சட்டப்படி மில்லில் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். சாப்பாட்டுக்குக் கிடைத்த இடைவேளையோ மிகக் குறைவு. கூலியை உயர்த்தித் தாருங்கள் என்று ஒருவர் மட்டும் போய்க் கேட்டால் வேலை போய்விடும். எல்லோரும் சேர்ந்து கேட்டால் என்ன?

செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் இப்படித்தான் யோசித்தார்கள். அன்னி பெசன்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' பத்திரிகையில் பணியாற்றிய பி.பி. வாடியாவைச் சந்தித்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் இதுவே என்பார்கள்.

1920 அக்டோபரில் ஏற்பட்ட தகராறில் நிர்வாகம் கதவடைப்பு செய்தது. அத்துடன் நிற்காமல், சங்கத் தலைவர்கள் மீது உயர்நீதிமன்றத்தில் வழக்கும் போட்டது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார்கள், அதனால் கம்பெனிக்கு நஷ்டம் என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றம் தடையுத்தரவு போட்டது. டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. கடைசியில் வாடியா தொழிற்சங்கப் பணியிலிருந்து விலக, கம்பெனி வழக்கைக் கைவிட்டது.

பார்த்தால் இது தோல்விதான். ஆனால் ஒரு கேள்வி நாடெங்கும் எழுந்தது. சங்கம் வைப்பவர் மீது நஷ்டஈடு வழக்குப் போடலாம் என்றால் ஏழைத் தொழிலாளிக்காக யார் பேச வருவார்? 1921-இல் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் சங்கங்களுக்குப் பாதுகாப்பு கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. அன்றைய அந்தச் சட்டப்படி 7 பேர் சேர்ந்து சங்கத்தைப் பதிவு செய்ய முடிந்தது. தொழில் தகராறில் ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்ற காரணத்துக்காக மட்டும் பதிவு பெற்ற சங்கத்தின் மீது சிவில் வழக்குப் போட முடியாது என 18-ஆம் பிரிவு கூறியது. வாடியா மீது போடப்பட்டது அதே வகை வழக்குதான்.

சம்பள உயர்வு கேட்டு இன்று ஊழியர்கள் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் பெரம்பூர் தொழிலாளர்கள் பட்ட பாடு இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.