அலுமினியச் செதுக்கலில் ஆழப் பிழை

சிறிய சிஎன்சி றவுட்டரில் அலுமினியத் தகட்டில் எழுத்துப் பொறிக்கும்போது வெட்டு ஓரிடத்தில் ஆழமாகவும் வேறிடத்தில் வெறுங்கீறலாகவும் விழுவதுண்டு. பழி பெரும்பாலும் மோட்டர்மீது விழுந்தாலும், முதலில் ஐயுற வேண்டியது தளத்தின் மட்டத்தையே. 60 பாகைக் கூர்முனை 0.2 மில்லிமீற்றர் ஆழத்தில் ஏறத்தாழ 0.23 மில்லிமீற்றர் அகலக் கோடு இடும்; தகடு 0.1 மில்லிமீற்றர் தாழ்ந்தாலே அகலம் பாதியாகிவிடும். கல்முனை போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் எம்டிஎஃப் அடிப்பலகை வீங்கினாலே அவ்வளவு வேறுபாடு வந்துவிடலாம். தகட்டை அரைச்சுற்றுத் திருப்பி மீண்டும் வெட்டிப் பார்க்கலாம்: பிழை தகட்டோடு நகர்ந்தால் தகடு வளைந்திருக்கிறது, அதே இடத்தில் நின்றால் அடிப்பலகை மட்டமில்லை. நேரம் செல்லச்செல்ல ஆழம் மாறினால், முனையைப் பற்றும் கொலெட்டில் அது வழுக்குகிறதா, இசட் அச்சு நழுவுகிறதா என்று தேட வேண்டும்.

ஆழத்தைக் கூட்டினால் போதாதா எனலாம். கூட்டினால் தடித்த கோடு மேலும் தடிக்கும், முனையும் முறியலாம். மேற்பரப்பின் உயரங்களை அளந்து மென்பொருளால் ஈடுசெய்யலாம் என்பது வலுவான மறுப்பு. ஆயினும் வெட்டும் அழுத்தத்தில் அமிழும் தகட்டை அந்த அளவீடு காட்டாது. எனவே அடிப்பலகையை அதே இயந்திரத்தால் சீவி, தகட்டை இருபக்க ஒட்டுநாடாவால் முழுப்பரப்பிலும் ஒட்டிய பிறகே ஆழ எண்களை மாற்றுவது முறை.