மூன்று எழுத்து, 645 பொருள்

ஆங்கிலம் படிக்கும்போது நாம் மிரள்வது நீளமான சொற்களைப் பார்த்துத்தான். உண்மையில் நீளச் சொல் பரம சாது. அதற்கு அநேகமாக ஒரே பொருள்தான் இருக்கும், ஒரு தடவை அகராதியைப் புரட்டினால் காரியம் முடிந்தது. ஆளைக் கவிழ்ப்பவை பொடிச் சொற்கள்: ‘கெட்’, ‘டேக்’, ‘செட்’, ‘ரன்’.

‘ரன்’ என்றால் ஓடு. ஒன்றாம் வகுப்புப் பாடம். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக இந்த ஒரு வினைச்சொல்லைத் திரும்ப ஆராய்ந்து எழுத, பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளருக்கு ஏறக்குறைய ஒன்பது மாதம் பிடித்தது. 2011இல் வேலை முடிந்து எண்ணிப் பார்த்தபோது 645 பொருள்கள் இருந்தன. ‘ரன்’ பெயர்ச்சொல்லாக வரும் இடங்கள் இந்தக் கணக்கில் இல்லை.

ஒரு சின்னச் சொல்லுக்கு இத்தனை பொருள் எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. இத்தனையையும் யார் உட்கார்ந்து கவனித்தார்கள் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் அதிக சுவாரசியமாகப் படுகிறது.

அந்த அகராதிக்கான யோசனை 1857இல் லண்டன் மொழியியல் கழகத்தில் பிறந்தது. 1879இல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் ஜேம்ஸ் மரே என்பவரோடு ஒப்பந்தம் போட்டது. ஸ்காட்லாந்துக்காரர், தையற்காரரின் மகன், பதினான்கு வயதோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவர், பிறகு பள்ளி ஆசிரியர் ஆனவர். பத்து வருடத்தில் முடித்துவிடலாம் என்பது திட்டம். ஐந்து வருடம் கழித்து, 1884இல், முதல் பகுதி வெளிவந்தபோது அகராதி ‘ஆன்ட்’ என்ற எறும்பு வரைதான் ஊர்ந்திருந்தது!

மரே தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, சுவர் நெடுக மரப்பொந்துகள் அடித்துவைத்தார். புத்தகம் படிக்கிற பொதுமக்கள், ஒரு சொல் வருகிற வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும் என்று அறிக்கை விட்டார். சீட்டுகள் லட்சக்கணக்கில் வந்து குவிந்தன. ஆனால் அதற்கு முன்பே சேர்ந்திருந்த சீட்டுகளில் ஒரு சிக்கல். அனுப்பியவர்கள் எல்லோரும் அபூர்வமான சொற்களாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார்கள். ‘அப்யூஷன்’ என்ற வழக்கொழிந்த சொல்லுக்குச் சுமார் 50 சீட்டுகள் இருந்தன. தினசரி புழங்கும் ‘அப்யூஸ்’ என்ற சொல்லுக்கு ஐந்துகூடத் தேறவில்லை. அதனால்தான் சாதாரணச் சொற்களுக்கும் மேற்கோள் வேண்டும் என்று மரே தம் அறிக்கையில் தெளிவாகக் கேட்டார். அதுவரை யார் கண்ணிலும் அவை படவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதைத் தேடுகிற கதைதான். எளிய சொல்லை நாம் பார்ப்பதில்லை, அதன் வழியாக மற்றதைப் பார்த்துக்கொண்டு போய்விடுகிறோம்.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். பழைய ஆங்கிலத்திலேயே ‘ரன்’ என்பதன் மூதாதைச் சொல் மனிதனின் ஓட்டத்தையும் நீரின் ஓட்டத்தையும் குறித்தது. ஆறு ஓடுகிறது. இதில் நமக்கு வியப்பில்லை, நாமும் ‘ஓடை’ என்றுதானே சொல்கிறோம். ஆனால் நமக்கு மூக்கு ஒழுகும், அவர்களுக்கு மூக்கும் ஓடும். துணியில் நமக்குச் சாயம் போகும், அவர்களுக்கு ஓடும். வங்கி திவாலாகும் என்று பயந்து ஜனங்கள் முண்டியடித்துப் பணம் எடுக்கப் போவதும் அங்கே ‘ரன்’தான். 1694இல் தொடங்கிய இங்கிலாந்து வங்கி, இரண்டே வருடத்தில் அப்படி ஒரு ஓட்டத்தைப் பார்த்துவிட்டது. கிரிக்கெட்டில் 18ஆம் நூற்றாண்டில் கணக்கு வைப்பவர் ஒரு குச்சியில் வெட்டுப் போட்டுக்கொண்டே வருவார், அதனால் எடுத்த புள்ளிக்கு ‘வெட்டு’ என்ற பொருளுள்ள சொல்லே பெயர். பின்னால்தான் அது ‘ரன்’ என்று நிலைத்தது. நம் தெருப் பையன்களுக்கு அந்தச் சொல் தெரிந்தது இந்த ஒரு பொருளில்தான்.

சொல்லின் உண்மையான வீக்கம் இயந்திரங்களோடு வந்தது. ஆலை ஓடியது, ரயில் ஓடியது. பிறகு தானாக ஓடுவது போக, ஒருவர் ஓட்டுவதும் அதே சொல்லானது. ரயிலை ஓட்டலாம் என்றால் கம்பெனியை ஓட்டக்கூடாதா? 20ஆம் நூற்றாண்டில் கணினி நிரலும் ஓட ஆரம்பித்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் முதலிடம் ‘செட்’டுக்கு: 430 பொருள்கள், சுமார் 60,000 சொற்களில் விளக்கம். ‘செட்’ ஒன்றை ஓரிடத்தில் வைக்கிற சொல், ‘ரன்’ நிற்காத சொல். பின்னது முன்னதைத் தாண்டியதை இயந்திர யுகத்தின் கதையாக எழுத்தாளர் சைமன் வின்செஸ்டர் வாசித்தார். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

மாலை நேரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் சிலருக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். லேத் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் கேட்டார்: “சார், கடை ஒரே இடத்துலதானே நிக்குது, அத எப்படி ரன் பண்றது?” பக்கத்தில் இருந்த பெண் உடனே, “நல்லா ஓடற கடைன்னு நீங்க சொன்னதே இல்லையாண்ணே?” என்றார். வகுப்பே சிரித்தது. அப்புறம் ஆளாளுக்கு அடுக்கினார்கள். மில்லு மூணு ஷிஃப்ட் ஓடுது. படம் நூறு நாள் ஓடுச்சு. ஃபேன் ஓடல. ஏதோ பொழப்ப ஓட்டறோம். மனசுல என்னமோ ஓடுது. அதே சமயம் கடையை நாம் ‘ஓட்டுவதில்லை’, ‘நடத்துகிறோம்’. அதாவது நடக்க வைக்கிறோம். ஆங்கிலக் கடை ஓடுகிறது, நம் முதலாளி கடையைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போகிறார்.

தேர்தலையும் பாருங்கள். அமெரிக்காவில் வேட்பாளர் ‘ஓடுகிறார்’. பிரிட்டனில் ‘நிற்கிறார்’. நம் ஊரிலும் நிற்பதுதான் வழக்கம்: “இந்தத் தடவை யாரு நிக்கறா?” இரண்டு நாட்டுக்காரர்களும் பேசுவது ஆங்கிலம்தான், செய்வதும் ஒரே வேலைதான், ஆனால் ஒருவருக்கு அது பந்தயம், மற்றவருக்கு முன்வந்து நிற்பது.

மரே 1915இல் இறந்தபோது ‘டி’ எழுத்தில் இருந்தார். அகராதி 1928இல்தான் முடிந்தது. பத்து வருட வேலை, ஒப்பந்தத்திலிருந்து எண்ணினால் ஐம்பது வருடத்தை நெருங்கிவிட்டது. அதில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் அச்சாகியிருந்தன. அவற்றில் பெரும்பகுதி சம்பளம் வாங்காதவர்கள் எழுதி அனுப்பிய சீட்டுகளிலிருந்து வந்தது. மொழியின் செல்வம் என்று நாம் மேடையில் சொல்லும்போது கடினமான, பழமையான சொற்களைத்தான் நினைக்கிறோம். அகராதிக்கு முதலில் சீட்டு அனுப்பிய வாசகர்கள் சறுக்கியதும் அங்கேதான். “மில்லு மூணு ஷிஃப்ட் ஓடுது” என்று முதன்முதலில் சொன்னது ஒரு புலவராக இருந்திருக்காது. ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்த யாரோ ஒரு தொழிலாளி சொல்லியிருப்பார். அதைக் கேட்டுச் சீட்டில் குறித்துவைக்கத்தான் ஆள் வேண்டும்.