சக்கர நாற்காலியும் சங்கரன்கோவில் ரத வீதியும்

ஓர் இடத்தைச் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று ஒரு ராஜாவே உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார். பிரான்சின் பதினான்காம் லூயிதான் அவர். வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தை எந்த வரிசையில் காட்ட வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லும் சிறு குறிப்பு அது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களை அந்த ராஜாவின் போர்களையெல்லாம் வருஷம் தவறாமல் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். முதுமையில் கால் வலியோடு அவர் அதே தோட்டத்தைச் சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, ஆட்கள் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தார் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நானாகப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

புதுச்சேரியிலும் அப்படி ஒரு வண்டி இருந்தது. 'பூஸ்-பூஸ்' என்று பெயர். பிரெஞ்சில் 'தள்ளு, தள்ளு' என்று அர்த்தம். பழைய அஞ்சல் அட்டைப் படங்களில் பார்க்கலாம்: துரையோ துரைசானியோ உட்கார்ந்து, முன்சக்கரத்தோடு இணைந்த நீளக் கம்பியைப் பிடித்துத் திருப்புவார், பின்னால் நம் ஆள் வெறுங்காலோடு தள்ளுவார். கால் நன்றாக இருந்தவர்களுக்குத்தான் அந்த வண்டி. கால் இல்லாத ஏழைக்கு யார் வண்டி வைத்தார்கள்?

நம் ஊர்ப் பக்கம் அதற்கு வேறு ஏற்பாடு இருந்தது. வர முடியாதவரைத் தேடிச் சாமியே வெளியே வரும். தீட்டு என்று சொல்லி உள்ளே விடாமல் நிறுத்தியவர்களும் வீதியில்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனாலும் படுத்த படுக்கையாக இருந்தவருக்குத் திருவுலாதான் தரிசனம். சங்கரன்கோவிலில் இது மற்ற ஊர்களைவிட ஒரு படி மேல். இங்கே பெருவிழாவின் உச்சக் கட்டமே கோயிலுக்குள் நடப்பதில்லை. ஆடித் தவசன்று கோமதி அம்பாள் தெற்கு ரத வீதியிலுள்ள தவசு மண்டபத்துக்கு எழுந்தருளுகிறாள். மாலையில் சுவாமி சங்கரநாராயணராகவும், இரவில் சங்கரலிங்கமாகவும் வந்து காட்சி கொடுப்பது வீதியில்தான். சம்சாரிகள் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வற்றலையும் சூறை விடுவதும் அங்கேதான். அரியும் சிவனும் ஒன்று என்று காட்டுகிற அந்தக் காட்சியைக் காண ஒரு படிகூட ஏற வேண்டாம்.

என் மனைவி பிறந்தது இந்த ஊரில். அவளுடைய பாட்டி இடுப்பெலும்பு முறிந்து பல வருஷம் நடமாட முடியாமல் இருந்தவர். சப்பரம் வரும் சத்தம் கேட்டதும் நாலு பேர் கட்டிலோடு தூக்கித் திண்ணையில் வைப்பார்களாம். சப்பரம் ஒரு நிமிஷம் நிற்கும். "அம்பா வந்துட்டுப் போயிட்டா" என்று பாட்டி மறுநாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாராம். இப்போது பெரும்பாலான வீடுகளில் திண்ணையையே காணோம். முன்பக்கம் கடை, வீடு மாடியில், மாடிக்குக் குறுகலான படி. கட்டிலைத் தூக்க நாலு பேரும் ஊரில் இல்லை. சென்னையிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. இடது கால் விழுந்துவிட்டது. சிறு வயதில் ஆடிச் சுற்றுக்காக நூற்றெட்டு முறை பிராகாரம் சுற்றியவள். "வீதியில பார்த்தது போதும்னு சொல்லாதீங்க. எனக்கு உள்ள போகணும்" என்றாள். வீதி தரிசனத்தைப் பற்றி நான் பெருமையாகப் பேசியதற்கெல்லாம் அவள் சொன்ன பதில் அந்த ஒரு வரிதான். அதில் நியாயம் இருந்தது. வேறொரு ஊரில், பெயர் வேண்டாம், பெரிய கோயில் ஒன்றில் சக்கரம் வெளித் தரையில் உருண்டது என்று சொல்லி நாற்காலியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே பயன்படுத்தத் தனி நாற்காலி வைத்துவிட்டால் தீர்ந்துபோகிற விஷயம். தமிழ்நாட்டில் பல கோயில்களில் அப்படி வைத்தும் இருக்கிறார்கள்.

பழைய கட்டடத்தில் உண்மையான சிக்கல் நிலைப்படிதான். பிராகாரத்தின் கல் தளத்தில் நாற்காலி வழுக்கிக்கொண்டு ஓடும். நம் தார் ரோட்டைவிட மேல். வாசலுக்கு வாசல் குறுக்கே நிற்கும் கல்தான் தடை. அதை வெட்டவும் கூடாது. அது கதவு நிலையைத் தாங்குகிற கல். சாய்தளம் போடலாமென்றால் அதற்கொரு கணக்கு உண்டு: 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். இதைவிடச் செங்குத்தானால் தள்ளுகிறவருக்கும் ஆபத்து, உட்கார்ந்திருப்பவருக்கும் ஆபத்து. பல அலுவலக வாசல்களில் பேருக்குப் பூசி வைத்திருக்கிற சிமெண்டுச் சரிவுகளைப் பார்த்தால், போட்டவர் ஒரு தடவையாவது அதில் ஏறிப் பார்த்திருப்பாரா என்று தோன்றும்.

கழற்றி மாட்டுகிற மரச் சாய்தளத்தால் கல்லுக்கு எந்தச் சேதமும் இல்லை. 2001 ஜனவரியில் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் தில்லிக்கு வந்தபோது குதுப் மினார் போன்ற இடங்களில் அப்படித்தான் மரத்தால் தற்காலிகச் சாய்தளம் போட்டார்கள். அதற்காக வற்புறுத்தியவர் ஜாவேத் அபிதி. அவரும் சக்கர நாற்காலியில் இருந்தவர். உலகப் புகழ் பெற்ற விருந்தாளிக்கு முடிந்தது உள்ளூர்க்காரனுக்கு ஏன் முடியாது என்பதுதான் கேள்வி. 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. பழைய பொதுக் கட்டடங்களையும் விதிகள் வெளியான ஐந்து வருஷத்துக்குள் மாற்ற வேண்டும் என்றது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனோடு போய்விட்டது. அதே வருஷம் நவம்பரில் சென்னை மெரினாவில் கடலருகே போக மரப்பாதை திறந்தார்கள். டிசம்பரில் மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது. பிறகு சரி செய்தார்கள். உடைந்தால் சரி செய்துகொள்ளலாம், போடாமலே இருப்பதற்கு அது மேல்.

இந்த விஷயத்தில் நம் மாவட்டம் தலை நிமிர்ந்து நிற்க ஒரு காரணம் உண்டு. ஆய்க்குடிக்காரர் எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். உலக ஊனமுற்றோர் ஆண்டான 1981இல் சொந்த ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் பத்மஸ்ரீ வந்தது. தமக்குச் சிகிச்சை அளித்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்திருக்கிறார். சக்கர நாற்காலிக்காரர் எப்படி வாழ வேண்டும் என்று கற்றுக்கொள்ள நாம் வெர்சாய் வரை போக வேண்டாம். தென்காசி பஸ் ஏறினால் போதும்.

சங்கரன்கோவிலுக்கு நாற்காலியோடு வர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தவசன்று வராதீர்கள், அந்தக் கூட்டத்தில் சக்கரம் நகராது. கொடியேறிய பிறகு முதல் சில நாட்களில் வாருங்கள், ரத வீதியில் நின்று நிதானமாகப் பார்க்கலாம். ஒன்பதாம் திருநாள் அம்பாள் தேரைப் பார்க்க வேண்டுமென்றால் வெயிலுக்கு முன்னால் வந்து, ஏதாவது கடை வாசலில் சொல்லிவைத்து ஒதுங்கி நிற்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்காக ஆசாரி ஒருவரிடம் ஒரு பலகை செய்து வாங்கினேன். 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம், நடுவில் கீல் வைத்து மடக்கலாம். இரண்டு ஓரத்திலும் சக்கரம் நழுவாமல் சட்டம். அரை அடிப் படிக்குச் சரியாக இருக்கிறது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் ஆட்டோவில் கூடவே வருகிறது. போன மாசம் பக்கத்துத் தெருவில் ஒரு சடங்கு வீட்டுக்கு இரவல் கொடுத்தேன். தேவைப்படுகிற உள்ளூர்க்காரர்கள் வந்து எடுத்துப் போகலாம். தூக்க இரண்டு ஆள் வேண்டும். மழையில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.