அசைவைக் காணும் கண்

பார்த்தல் என்பது ஒரே செயல் என்றுதான் நாம் எண்ணுகிறோம். உருவமும் நிறமும் அசைவும் ஒருங்கே கண்முன் வந்து நிற்பதால் அவ்வெண்ணம் இயல்பானதே. ஆனால் மூளை அவற்றை வெவ்வேறு வழிகளில் உணர்கிறது. இவ்வுண்மையை மனிதனுக்குக் கற்பித்தவை காயமும் கத்தியும் நோயுமே.

முதல் உலகப் போரில் தலையில் காயமுற்ற வீரர்களைச் சோதித்த ஜார்ஜ் ரிடோக் என்னும் பிரித்தானிய மருத்துவர், 1917-இல் வியப்பான செய்தியொன்றை வெளியிட்டார். மூளையின் பிடரிப்பகுதி சிதைந்து, பார்வைப் பரப்பில் ஒரு பங்கை இழந்த வீரர் சிலர், அவ்விருண்ட பக்கத்தில் அசையாது நின்ற பொருளைக் காணவில்லை. அது அசைந்தபோதோ, ஏதோ நகர்கிறது என்று உணர்ந்தனர். அத்துறையில் பெரும்புகழ் பெற்றிருந்த கார்டன் ஹோம்ஸ் 1918-இல் இக்கருத்தை மறுத்தார். பெரியவர் மறுக்கவே, வீரர்களின் சாட்சியம் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டுக் கிடந்தது.

1973-இல் இலண்டனில் ஒருவருக்கு மூளையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மருத்துவ ஏடுகள் அவரை டி.பி. என்றே குறிக்கின்றன. வலப்பக்கப் பிடரிமடலில் இருந்த இரத்தக்குழாய்ப் பின்னல் அகற்றப்பட்டது. அவரை வாட்டிய தலைவலி தணிந்தது. ஆனால் இடப்பக்கப் பார்வை பெரும்பாலும் மறைந்தது. லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் குழுவினர் அவரைச் சோதித்தனர். தமக்கு ஒன்றும் தெரியவில்லை என்றே அவர் கூறினார். எனினும் ஊகித்துச் சுட்டச் சொன்னபோது, ஒளி தோன்றிய இடத்தை அவர் கை சரியாகக் காட்டியது. அசைவதையும் அசையாததையும் பிரித்தறியவும் அவரால் இயன்றது.

இதற்கு நேர்மாறான நிலையை 1983-இல் மியூனிக் நகரிலிருந்து யோசப் சீல் குழுவினர் அறிவித்தனர். அறுவையால் அன்று, மூளையின் இரத்தக்குழாய் அடைப்பால் ஒரு பெண்மணி அசைவைக் காணும் ஆற்றலை மட்டும் இழந்திருந்தார். கோப்பையில் ஊற்றிய தேநீர் அவருக்கு உறைந்த பனிபோல் நின்றது. தொலைவில் தெரிந்த வண்டி மறுநொடியே அருகில் நின்றது. உருவமும் நிறமும் குறைவின்றித் தெரிந்தன. அசைவை உணர மூளையில் தனியிடம் உண்டு என்று செமிர் சேகி குரங்குகளில் ஏற்கெனவே கண்டிருந்தது இவரிடம் உறுதிப்பட்டது.

ஆகவே, மூளையில் கத்தி வைக்கும் மருத்துவர் ஒரு கட்டியை மட்டும் அகற்றுவதில்லை. அவர் கை ஓர் உலகத்தையே தொடுகிறது. சிகிச்சைக்குப்பின் எழுத்துகளை வாசிக்கச் செய்து கண்ணைச் சோதித்தால் மட்டும் போதாது. 'ஏதோ அசைந்தது' என்றும், 'எதுவும் அசையவில்லை' என்றும் நோயாளி சொல்லும் விந்தையான சொல்லுக்குச் செவிசாய்க்க வேண்டும். ரிடோக் செவிசாய்த்தார், அதனால் வழி பிறந்தது.