ஆங்கிலப் பேச்சு வழக்கில் உடைமையும் தனிமையும்

ஆங்கிலத்தில் உடைமையை அழுத்திச் சொல்ல ‘ஓன்’ என்ற சொல் பயன்படுகிறது. ‘மை ஹவுஸ்’ என்றால் என் வீடு. ‘மை ஓன் ஹவுஸ்’ என்றால் என் சொந்த வீடு. ‘ஆன் மை ஓன்’ என்னும்போது இதே சொல் வேறு பொருள் தருகிறது. அப்படிச் சொல்பவர் தம் சொத்தைப் பற்றிப் பேசவில்லை. துணைக்கு ஆளில்லை என்கிறார், அல்லது யார் தயவும் இல்லாமல் தானே செய்து முடித்ததைச் சொல்கிறார். ஒரே சொல் சொந்தத்துக்கும் தனிமைக்கும் வந்து சேர்ந்த வழி அதன் நீண்ட வரலாற்றில் தெரிகிறது.

தோற்றம்

பழைய ஆங்கிலத்தில் ‘ஆகன்’ என்றொரு வினைச்சொல் இருந்தது. ஒன்றை உடையவனாக இருத்தல் என்பது அதன் பொருள். அவ்வினையின் எச்ச வடிவமான ‘ஆகென்’ ஒலி தேய்ந்து இன்றைய ‘ஓன்’ ஆனது. ஜெர்மன் மொழியின் ‘ஐகன்’, சுவீடிய மொழியின் ‘ஏகென்’ ஆகியவை அதன் உடன்பிறப்புகள். இன்னும் பின்னோக்கி இந்தோ-ஐரோப்பிய மூலவேர் வரை போனால், உடைமை கொள்ளுதல், ஆளுதல் என்னும் பொருளுள்ள வடமொழி வினையடி ஒன்றும் இதே குடும்பத்தில் நிற்கிறது. ஈசன், ஈஸ்வரன் என்று தமிழர் நாவில் நாள்தோறும் புழங்கும் பெயர்கள் அந்த அடியில் பிறந்தவை.

‘ஆகன்’ பெற்ற பிள்ளைகள் இன்னும் இருவர் உண்டு. கடன்பட்டிருத்தலைக் குறிக்கும் ‘ஓ’ அதன் நேர் வாரிசு. முதலில் உடைமையை மட்டும் குறித்த அச்சொல், பிறருக்குத் திருப்பித் தரவேண்டியதைக் கையில் வைத்திருத்தல் என்ற நிலையைத் தாண்டிக் கடனுக்கு வந்து சேர்ந்தது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் அது பழைய உடைமைப் பொருளிலும் வருகிறது. அதன் இறந்தகால வடிவம் ‘ஆட்’, இப்போது செய்தாக வேண்டிய கடமையைக் குறிக்கிறது. சொந்தம், கடன், கடமை மூன்றையும் ஒரே வேரில் வைத்திருப்பது ஆங்கிலத்தின் அழகுகளில் ஒன்று.

‘ஓன்’ தனித்து நிற்காது. யாருடையது என்று சொல்லும் சொல் அதற்கு முன்னால் வந்தாக வேண்டும். அதனால் ‘சொந்த வீடு ஒன்று’ என்பதை ஆங்கிலேயர் ‘எ ஹவுஸ் ஆஃப் மை ஓன்’ என்று சுற்றியே சொல்வார்கள். கால்பந்தில் தன் அணியின் வலைக்குள்ளேயே பந்தை அடித்துவிடும் ‘ஓன் கோல்’ போன்ற சில தொகைகள் மட்டும் விலக்கு. தமிழ்நாட்டில் இந்தக் கட்டுப்பாடு எப்போதோ தளர்ந்துவிட்டது. ‘ஓன் ஹவுஸா, வாடகையா?’ என்ற கேள்வியும், மஞ்சள் எண்பலகை இல்லாத சொந்தக் காருக்கு ஓட்டுநர்கள் சொல்லும் ‘ஓன் போர்டு’ம் தமிழின் ‘சொந்த’ என்ற அடையின் போக்கில் அமைந்தவை. இவற்றைப் பிழை என்பதைவிடத் தமிழின் சொத்து என்பதே பொருத்தம்.

உடைமை உருபு

பெயருக்குப் பின் வரும் ‘ஸ்’ உருபின் கதை இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் ஆறாம் வேற்றுமைக்கு ஒரே உருபு இருக்கவில்லை. ஆண்பால், அலிப்பால் பெயர்களில் பெரும்பாலானவை ‘எஸ்’ என்ற ஈற்றை ஏற்றன. பெண்பால் பெயர்களும் வேறு சில வகைப் பெயர்களும் தத்தமக்குரிய ஈறுகளை ஏற்றன. நார்மானியர் வருகைக்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் மற்ற ஈறுகள் தேய்ந்து மறைய, ‘எஸ்’ எல்லாப் பெயர்களையும் பிடித்துக்கொண்டது. மார்ச் 25இல் வரும் கன்னி மரியாள் திருநாளை ஆங்கிலேயர் உருபில்லாமல் ‘லேடி டே’ என்று சொல்வது அந்தப் பழைய பெண்பால் வடிவத்தின் எச்சம்.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் உருபுக்குப் பதிலாக ‘ஹிஸ்’ என்ற சொல்லையே எழுதும் வழக்கம் பெருகியது. பென் ஜான்சனின் ‘செஜானஸ் ஹிஸ் ஃபால்’ நாடகத்தின் தலைப்பே அப்படித்தான் அமைந்திருக்கிறது. ‘ஸ்’ என்பது ‘ஹிஸ்’ஸின் சுருக்கம் என்று கற்றவர்களும் நம்பினார்கள். 1711இல் ஜோசப் அடிசன் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் அவ்வாறே எழுதினார். 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் அதை மறுத்தார். பெண்களைக் குறிக்கும் பெயர்களோடும் ‘ஸ்’ வரும்போது ஆணைச் சுட்டும் ‘ஹிஸ்’ எப்படி அதற்கு மூலமாகும் என்பது அவர் வாதம். அவர் சொன்னதே சரி. உருபுக்கு முன் இடும் மேற்குறி, விடுபட்ட உயிரெழுத்தின் அடையாளம். அச்சுக்கலையோடு பிரெஞ்சிலிருந்து வந்த அக்குறி 18ஆம் நூற்றாண்டில்தான் இன்றைய இடத்தில் நிலைத்தது.

‘இட்ஸ்’ இன்னும் பிந்தியது. அஃறிணைக்கும் ‘ஹிஸ்’ என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளின் முதல் அச்சில் ‘இட்ஸ்’ ஓரிடத்தில்கூட இல்லை. லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் ‘இட் ஓன்’ என்று உருபில்லாமல் இருந்ததைப் பின்வந்த பதிப்பாளர்கள் ‘இட்ஸ் ஓன்’ என்று திருத்தினார்கள்.

உடைமை வினையான ‘ஹேவ்’ பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதே பொருளுடைய லத்தீன் வினை ‘ஹாபேரே’ ஒலியிலும் இதை ஒத்திருந்தாலும் இரண்டுக்கும் உறவில்லை. ‘ஹேவ்’வின் மூலவேர் கைப்பற்றுதலைக் குறித்தது, லத்தீனில் அதன் உறவு ‘காபேரே’. வீடு, தம்பி, தலைவலி, காப்பி எல்லாவற்றையும் ஆங்கிலம் இந்த ஒரே வினையால் கைப்பற்றுகிறது. தமிழ் ‘எனக்கு உண்டு’, ‘என்னிடம் இருக்கிறது’ என்று பொருளை எழுவாயாக்கி, ஆளை வேற்றுமை உருபில் வைக்கிறது.

தனிமைச் சொற்கள்

‘அலோன்’ என்பது ‘முழுக்க ஒன்று’ என்ற இரு சொற்களின் கூட்டு. மத்திய ஆங்கிலக் காலத்தில் அவை ஒட்டிக்கொண்டன. எண்ணுப்பெயர் பின்னாளில் முன்னே வகர ஒலி பெற்று ‘வன்’ ஆனது. ‘அலோன்’, ‘ஓன்லி’, பரிகாரம் செய்தலைக் குறிக்கும் ‘அட்டோன்’ ஆகியவை பழைய ஓகாரத்தை விடவில்லை. இதனால் பிறப்பில் தொடர்பே இல்லாத ‘ஓன்’ என்ற உடைமைச் சொல்லும் ‘அலோன்’ என்பதன் ஈறும் செவிக்கு ஒன்றாகிவிட்டன. ‘அலோன்’ தன் முதலெழுத்தை இழந்து ‘லோன்’ ஆயிற்று. அதிலிருந்து கிளைத்த ‘லோன்லி’யின் மிகப் பழைய ஆட்சிகளில் ஒன்று ஷேக்ஸ்பியரின் ‘கொரியோலேனஸ்’ நாடகத்தில் இருக்கிறது. துணையின்மையையும் ஆளரவமற்ற இடத்தையும் குறித்த அச்சொல்லில் மனத்துயரம் ஏறியது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

‘பை மைசெல்ஃப்’ என்பதில் உள்ள ‘பை’ அருகாமையைக் குறித்த சொல். என் அருகில் நானே இருக்கிறேன் என்பது அதன் அடிப்பொருள்.

‘ஆன் மை ஓன்’ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவியது. ‘என் சொந்தப் பொறுப்பில்’, ‘என் சொந்தக் கணக்கில்’ என்ற தொடர்களில் கடைசிச் சொல் உதிர, மிச்சம் நின்றது இது. முதலில் இருந்தது தன் காலில் நிற்கும் பொருள். ஆளில்லாமல் இருக்கும் பொருள் அதைத் தொடர்ந்து வந்தது. கிழக்கு லண்டன் எளிய மக்கள் இதையும் தங்கள் எதுகை விளையாட்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு சொல்லுக்குப் பதில் அதனோடு ஒலி ஒத்த பெயரைச் சொல்லி, பிறகு ஒலி ஒத்த பகுதியையும் விட்டுவிடுவது அவர்கள் வழக்கம். ‘ஓன்’ என்பதற்கு டாட் ஸ்லோன் என்ற அமெரிக்கக் குதிரைப் பந்தய வீரரின் பெயர் கிடைத்தது. இன்றும் பிரித்தானியாவில் தனியாக இருப்பவர் ‘ஆன் மை டாட்’ என்கிறார். 1915இல் வெளிவந்த ஸ்லோனின் தன்வரலாற்றுக்குத் தலைப்பு ‘டாட் ஸ்லோன் பை ஹிம்செல்ஃப்’. ஆஸ்திரேலியர் இதே முறையில் பேட் மலோன் என்ற பெயரைப் பிடித்து ‘ஆன் மை பேட்’ என்கிறார்கள்.

உடைமையும் தனிமையும் ஒரே தொடரில் கூடியதற்கு வர்ஜீனியா உல்ஃப் 1929இல் வெளியிட்ட ‘எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்’ நூலின் தலைப்பைவிடச் சிறந்த சான்று இல்லை. முந்தைய ஆண்டு கேம்பிரிட்ஜின் நியூனம், கர்ட்டன் மகளிர் கல்லூரிகளில் ஆற்றிய உரைகளிலிருந்து வளர்ந்த நூல் அது. எழுத விரும்பும் பெண்ணுக்குப் பணமும், பூட்டிக்கொள்ளக்கூடிய ஓர் அறையும் வேண்டும் என்கிறார். அவர் குறிக்கும் தொகை ஆண்டுக்கு 500 பவுண்டு. இங்கிலாந்தில் திருமணமான பெண்கள் தம் பெயரில் தனிச்சொத்து வைத்திருக்கும் முழு உரிமையை 1882ஆம் ஆண்டுச் சட்டம்தான் கொடுத்தது. அதற்கு முன் அவர்களுக்கு ‘மை ஓன்’ என்பது பேச்சில் மட்டும் இருந்த சொல்.

தற்கால வழக்கு

மேற்குறி இன்று பெயர்ப்பலகைகளிலிருந்து விலகிவருகிறது. 2009இல் பர்மிங்காம் மாநகராட்சி தெருப் பலகைகளில் அதைக் கைவிட்டது. 2012இல் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக்கடை தன் பெயரிலிருந்து நீக்கியது. பால் குறிக்காமல் ஒருவரைச் சுட்ட ‘தேர் ஓன்’ பரவலாகப் பயன்படுகிறது.