அந்தமானைப் பற்றிச் சொன்னவர் யார்?

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்கின்ற நமக்கு, ஆங்கிலத்தில் எழுதிய அரசாங்கக் காகிதம் ஒன்றையேனும் பாராமல் ஒரு மாதம் கழிவதில்லை. மாற்றல் உத்தரவு, வீடு ஒதுக்கும் அறிவிப்பு, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதம் என்று ஏதேனும் ஒன்று வந்துகொண்டே இருக்கும். அவற்றில் ஒருவகை வாக்கியம் தப்பாமல் இடம்பெறும். "தெரிவிக்கப்படுகிறது", "நம்பப்படுகிறது", "செய்ததாகக் கூறப்படுகிறது" என்று அவற்றை நாம் தமிழாக்குகிறோம். தெரிவிக்கிறவர் யார், நம்புகிறவர் யார், கூறியவர் யார் என்று கேட்டால் வாக்கியத்துக்குள் விடை இராது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, 'படுகிறது' என்னும் இச்சொல் நம் அலுவலகங்களில் படுகிற பாடு நன்கு தெரியும்.

ஆங்கில இலக்கணத்தார் இதனைச் செயப்பாட்டு வினையின் ஒரு பிரிவாகக் கொள்வர். சொல்லுதல், அறிவித்தல், நம்புதல், குற்றஞ்சாட்டுதல் முதலிய வினைகள் செயப்பாட்டுக்கு மாறும்போது இரண்டு வடிவங்களில் வரும். 'இட் இஸ் செட்' என்று தொடங்குவது ஒன்று. பொருளில்லாத ஓர் எழுவாயை முன்னே நிறுத்திவிட்டு, 'இத்தீவினர் கொடியவர் என்று சொல்லப்படுகிறது' எனச் செய்தி முழுவதையும் பின்னே வைப்பது இது. 'தே ஆர் செட் டு பி' என்பது மற்றொன்று. செய்திக்கு இலக்கானவரையே இழுத்துவந்து எழுவாயாக நிறுத்தி, 'இத்தீவினர் கொடியவராகச் சொல்லப்படுகின்றனர்' என்பது இதன் போக்கு. இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்று பள்ளியில் கற்பிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் வடிவத்தில் வதந்தி தனியே நிற்கிறது. இரண்டாவதில் அது மனிதர்மேல் ஏறி அமர்ந்துகொள்கிறது. சொன்னவரோ இரண்டிலும் இல்லை. இந்த இலக்கணம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு, நான் பணியாற்றும் அந்தமான் தீவுகளின் சரித்திரத்தைக் காட்டிலும் தெளிவான சான்று வேறில்லை.

அந்தமானியர் நரமாமிசம் உண்பவர் என்பதே அந்தச் செய்தி. கி.பி. 851ஆம் ஆண்டில் எழுந்ததாகக் கொள்ளும் அரபு நூல் ஒன்று, சுலைமான் என்னும் வணிகர் பெயரால் வழங்குகிறது. இத்தீவினர் மனிதரை உயிரோடு தின்பவர் என்று அந்நூல் கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்திலிருந்து கடல்வழியாகத் திரும்பிய மார்க்கோ போலோ, இங்குள்ளவர்களுக்கு நாயின் தலையும் பல்லும் கண்ணும் உண்டு என்றும், அயலார் எவர் கிடைத்தாலும் தின்றுவிடுவர் என்றும் தம் நூலில் சொன்னார். 15ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நாட்டு யாத்திரிகரான நிக்கோலோ கோந்தியும் அதையே சொன்னார். நாய்முக மனிதரை எவரும் கண்டிருக்க முடியாது. துறைமுகங்களில் மாலுமிகள் பேசிக்கொண்டதே அவர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும். ஆயினும் மார்க்கோ போலோ, 'மாலுமிகள் சொன்னார்கள்' என்று எழுதவில்லை; கண்டதுபோல் எழுதினார். கேட்டவர் எழுதும்போது முதலில் விழுந்துபோவது சொன்னவரின் பெயர்தான்.

பிற்காலத்து ஆங்கில ஆசிரியர்கள் பழைய யாத்திரை நூல்களைத் தொகுத்தபோது அவ்வளவு துணிச்சலாக எழுதவில்லை. படித்தவர்களுக்குரிய எச்சரிக்கையோடு 'சொல்லப்படுகின்றனர்' என்று எழுதினர். பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொள்ளாமலே செய்தியை வழங்குவதற்கு அவ்வடிவம் வசதியாக இருந்தது. ஆனால் ஆயிரம் ஆண்டுப் பேச்சை எவரும் சோதிக்கவில்லை. சோதிக்க ஆள் வேண்டுமானால், சொன்னவர் யார் என்பது தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

1789ஆம் ஆண்டில் ஆர்ச்சிபால்டு பிளேயர் என்னும் கடற்படை அதிகாரி சாத்தம் தீவில் ஒரு குடியேற்றம் அமைத்தார். அது வடக்கே இடம்மாறி, நோயினால் நலிந்து, 1796இல் கைவிடப்பெற்றது. அதன்பின் அறுபது ஆண்டுகள் வரை, இப்பகுதியில் உடையும் கப்பல்களின் மாலுமிகளைத் தீவினர் கொல்கின்றனர் என்ற முறையீடுகள் கல்கத்தாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. கொன்றது உண்டு. அதை மறைக்க வேண்டுவதில்லை. தம் கரையில் இறங்குகிறவர்களை அவர்கள் அம்பால் எய்தார்கள். அடிமை பிடிக்க வந்த கப்பல்களை அறிந்தவர்கள் வேறு எப்படி நடந்துகொள்வார்கள்? ஆனால் கொலையைப் பற்றிய உண்மையான செய்தியோடு, தின்பதைப் பற்றிய பழைய வதந்தியும் ஒரே வாக்கியத்தில் பயணம் செய்தது.

1857ஆம் ஆண்டுப் புரட்சியில் பிடிபட்டவர்களைத் தள்ளிவைக்க இடம் வேண்டியிருந்தது. டாக்டர் மௌவட், பிளேஃபேர், ஹீத்கோட் ஆகிய மூவர் அடங்கிய கமிட்டி தீவுகளைச் சுற்றிப் பார்த்தது. தீவினரோடு மோதல் நேர்ந்து, துப்பாக்கிச் சூட்டில் சிலர் மாண்டனர். அகப்பட்ட ஒருவனுக்கு 'ஜாக்' என்று பெயரிட்டுக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவன் நோயுற்றான். திரும்பக் கொண்டுவந்து கரையில் விட்டார்கள். அவன் மொழியை அறிந்தவர் கல்கத்தாவில் எவருமில்லை. ஆயிரம் ஆண்டுகளாக எந்த மக்களைப் பற்றிப் பேசினார்களோ, அந்த மக்களில் ஒருவன் எதிரே நின்றும் அவனைக் கேட்க வழியில்லாமற் போயிற்று.

1858 மார்ச்சு 10ஆம் நாள், ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் என்னும் மருத்துவ அதிகாரி 200 கைதிகளோடு வந்து இறங்கினார். சில வாரங்களுக்குள்ளேயே கைதிகளிடையே மற்றொரு வதந்தி பரவிற்று. இத்தீவிலிருந்து பர்மாவுக்குத் தரைவழி உண்டு, சில நாள் நடந்தால் போதும், பர்மிய அரசன் வேலை கொடுப்பான் என்பது அப்பேச்சு. இங்கும் சொன்னவன் யாரென்பதைக் கேட்டவர்கள் சிலரே. கூட்டங் கூட்டமாகக் காட்டுக்குள் ஓடினார்கள். கடலைத் தவிர வேறு எல்லை இல்லாத தீவில், பசியாலும் அம்பாலும் பலர் மாண்டனர்.

அப்படி ஓடியவர்களில் ஒருவர் தூத்நாத் திவாரி. பட்டாளத்துச் சிப்பாய், கைதி எண் 276. அம்புபட்டு விழுந்த அவரைத் தீவினர் கொல்லாமல் விட்டனர். காயங்களுக்குச் செம்மண் பூசினர். தம் கூட்டத்தில் சேர்த்து மணமும் செய்வித்தனர். ஏறத்தாழ ஓராண்டு அவர்களோடு வாழ்ந்தார். 1859இல் தீவினர் திரண்டு வந்து குடியேற்றத்தைத் தாக்கப்போவதை அறிந்து, மற்றொரு கைதியோடு தப்பிவந்து அதிகாரிகளை எச்சரித்தார். அவ்வாண்டு மே மாதத்தில் நிகழ்ந்த அபர்டீன் சண்டையில், வில்லும் அம்பும் துப்பாக்கியின் முன் நிற்கவில்லை. திவாரிக்கு 1860இல் மன்னிப்பும் விடுதலையும் கிடைத்தன. சண்டையில் மாண்ட தீவினருக்கு ஒரு நினைவுச் சின்னம், 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்ற போர்ட் பிளேயர் நகரின் கடற்கரையில் நிற்கிறது. தன்னை ஏற்ற மக்களை அவர் காட்டிக்கொடுத்தார் என்பாரும், தம்முடைய கைதித் தோழர்களைக் காப்பாற்றினார் என்பாரும் உளர். அவ்வழக்கில் நான் இறங்கவில்லை. நமக்கு வேண்டியது ஒன்றே: உதவியற்ற அயலான் ஒருவன் ஓராண்டு அவர்களிடையே இருந்தான், அவனை எவரும் தின்னவில்லை. இத்தகைய சாட்சியத்துக்குப் பெயரும் எண்ணும் இருந்தன.

அதற்குப்பின் அவர்கள் மொழியைக் கற்ற அதிகாரிகள் வந்தனர். எட்வர்டு ஹொரேஸ் மான் 1869 முதல் நெடுங்காலம் இங்கே பணிபுரிந்து, 1883இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். நரமாமிசம் உண்ணும் வழக்கத்துக்கு ஒரு தடயமும் இல்லை என்பது அவர் முடிவு. 1899இல் இரண்டு பாகங்களாகப் பெரிய சரித்திரம் எழுதிய போர்ட்மனும் அதையே உறுதிசெய்தார். 1906 முதல் 1908 வரை இங்கே ஆராய்ந்த ராட்கிளிஃப் பிரவுன், வதந்தி பிறந்த வகையையும் சிந்தித்தார். கொன்ற பகைவரின் உடலைத் துண்டித்து நெருப்பிலிட்டு எரிக்கும் வழக்கம், தொலைவில் கப்பலிலிருந்து பார்த்தவர்களுக்கு வேறாகத் தோன்றியிருக்கலாம் என்று அவர் கருதினார். இறந்த உறவினரின் மண்டை ஓட்டையும் எலும்பையும் அன்பின் அடையாளமாக அணிந்துகொள்ளும் பழக்கமும் அவர்களிடம் இருந்தது. அதைக் கண்ட அந்நியன் என்ன நினைத்திருப்பான் என்பதை ஊகிப்பது கடினமன்று.

மானின் நூல் வெளிவந்து ஏழாண்டுகளுக்குப் பின், 1890இல், கானன் டாயிலின் 'சைன் ஆஃப் ஃபோர்' என்னும் துப்பறியும் நாவல் லண்டனில் வெளியாயிற்று. அதில் துப்பறியும் நிபுணர் ஷெர்லாக் ஹோம்ஸ் அலமாரியிலிருந்து ஒரு கெஜட்டியரை எடுக்கிறார். புத்தம்புதிதாக வெளிவரும் தொகுதி இது, இதைவிடப் பிரமாணம் வேறில்லை என்று நண்பருக்குச் சொல்லிவிட்டு, அந்தமானியர் நரமாமிச விருந்துண்பவர் என்பதைப் படித்துக் காட்டுகிறார். கதையில் வரும் அந்தமான் மனிதன் ஊதுகுழலால் நச்சுமுள் எய்கிறான். அந்தமானியர் ஊதுகுழலை அறியாதவர். கதாசிரியர் கற்பனை செய்ததைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் அந்தக் கற்பனைக் கெஜட்டியரில் 'சொல்லப்படுகின்றனர்' என்ற சொல்கூட மிஞ்சவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பொறுப்பைத் தட்டிக்கழிக்க இட்ட திரை, சிலர் கைமாறியவுடன் தானே உதிர்ந்து, செய்தி மட்டும் உண்மையின் ஆடையில் நின்றது. உலகம் படித்தது அந்நாவலை, மானின் நூலையன்று.

இதற்குள் மக்களின் கதி என்னவாயிற்று? 1863இல் ராஸ் தீவில், 'அந்தமான் இல்லம்' என்ற பெயரில் அவர்களைக் கொண்டுவந்து வைத்து நாகரிகப்படுத்தும் ஏற்பாடு தொடங்கிற்று. 1877இல் மணல்வாரி அம்மை பரவிற்று. 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் பெரிய அந்தமானியர் 625 பேர். 1961இல் 19 பேர். 2011இல் 44 பேர். இத்தனை இழப்பையும் ஒரு வினைச்சொல் விளைவித்தது என்று நான் சொல்ல மாட்டேன்; நோயும் நிலமிழத்தலும் செய்த வேலை அது. எனினும் நரமாமிசம் உண்பவர் என்று முன்கூட்டியே தீர்ப்புப் பெற்றவர்களின் அழிவைக் கண்டு உலகம் பெரிதாகத் திடுக்கிடவில்லை.

தமிழ் இலக்கியத்துக்கும் இந்தக் கதையில் ஓர் இடமுண்டு. மணிமேகலையில், புகார் நகரத்து ஆதிரையின் கணவன் சாதுவன் கலம் கவிழ்ந்து நக்க சாரணரின் மலையில் ஒதுங்குகிறான். ஆடையின்றி வாழும் அவர்கள் மனிதரைத் தின்பவர். சிலர் அவ்விடத்தை, முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என வரும் நிக்கோபாரோடு இயைத்துக் கூறுவர். வதந்தியை நம் புலவரும் ஏற்றுக்கொண்டார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் சாதுவனுக்கு அம்மக்களின் மொழியைத் தெரியவைத்தார். அதனால் அவன் பிழைத்தான். அவர்கள் தலைவன் கேள்வி கேட்கிறான், வாதிடுகிறான், பிறகு கேட்டு ஏற்கிறான். கலம் கவிழ்ந்து வருவோரைக் கொல்லலாகாது என்ற அறிவுரையும் அங்கேதான் பிறக்கிறது. கல்கத்தாவில் 'ஜாக்' என்பவனுக்குக் கிடைக்காத வாய்ப்பைச் சாதுவனின் கதையில் நாகர் தலைவன் பெற்றான்.

இலக்கணத்திலும் நம் முன்னோர் வழி சற்று வேறானது. தொல்காப்பியர் பிறர் கருத்தைச் சொல்லும்போது 'என்ப', 'என்மனார் புலவர்' என்கிறார். 'என்று சொல்லப்படும்' என்பதற்குப் பதிலாக, 'என்று சொல்லுவர்' என எழுவாயோடு கூடிய வினை அது. செய்பவனை மறைக்கும் வழி தமிழுக்குத் தெரியாது என்று பெருமை பேச வேண்டா. 'திண்ணை மெழுகிற்று' என்று, மெழுகினவளை விட்டுவிட்டுத் திண்ணையை எழுவாயாக்கும் வழக்கை இலக்கண உரையாசிரியரே எடுத்துக்காட்டுவர். பேச்சிலோ 'ஆம்' என்ற ஓர் இடைச்சொல் நமக்கு உண்டு. 'அவர்கள் மனிதரைத் தின்பார்களாம்' என்றால், நான் கண்டதன்று, கேட்டது என்பது அந்த ஓரசையிலேயே விளங்கும். ஒவ்வொரு வாக்கியத்திலும் அதை மறுபடி ஒட்டியாக வேண்டும்; ஒருமுறை சொல்லிவிட்டு மறந்துவிட முடியாது. அலுவலகத் தமிழில் 'ஆம்' நுழைய வழியில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

ஆகவே, 'இன்னார் இன்னவராகக் கூறப்படுகின்றனர்' என்ற ஆங்கில வாக்கியம் மேசைக்கு வரும்போது, கோப்பின் முந்திய பக்கங்களைப் புரட்டிக் கூறியவரைத் தேடுவது என் வழக்கம். பெரும்பாலும் கிடைத்துவிடுவார்: ஒரு காவல் அதிகாரியாக இருப்பார், அல்லது பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். கிடைத்தால், 'இன்னார் கூறுகிறார்' என்று எழுதிவிடலாம், வாக்கியமும் தமிழாகும். சில இடங்களில் ஆங்கில வடிவமே நேர்மையானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வழக்கு முடியாதபோது ஒருவன் திருடியதாகக் குற்றஞ்சாட்டப்படுகிறான் என்பதே சரி. திருடினான் என்பது பிழை.

இத்தீவுக் கூட்டத்தில் வட சென்டினல் தீவு இன்றும் அயலாரை ஏற்பதில்லை. சட்டமும் அங்கே எவரும் போகக்கூடாது என்று தடுக்கிறது. அங்கே வாழ்வோர் எத்தனை பேர் என்று ஆங்கிலத்தில் எழுதும் எல்லோரும், 'இவ்வளவு பேர் என்று மதிப்பிடப்படுகிறது' என்ற வடிவத்தையே கையாளுகின்றனர். மதிப்பிடுகிறவர் யாரென்று தேடிப் பார்த்தால், 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுக்கச் சென்ற ஊழியர்களே அவர்கள். கரையிறங்காமல் தொலைவிலிருந்து பார்த்த அவர்கள் கண்ணில் பட்டவர் 15 பேர். தமிழில் அதை அப்படியே எழுதலாம்.